இடுப்பு நாடாவும் தோற்புற்றும்

பல்லவ வேந்தன் மூன்றாம் நந்திவர்மனுக்குத் 'தெள்ளாறெறிந்தவன்' என்னும் சிறப்புப் பெயரைத் தந்த ஊர், வந்தவாசியை அடுத்த தெள்ளார். ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரமாகிய அங்கே, சேலையைப் பற்றி மக்கள் அறியாத செய்தி உண்டோ என்று நாம் எண்ணலாம். ஒன்று உண்டு. சேலையைத் தாங்கும் உள்பாவாடையின் நாடா, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தை இறுக்குமாயின், தோலைப் பழுதாக்கி, அரிதாகப் புற்றுநோய்க்கும் வழிகோலும்.

மேனாட்டார் தோற்புற்று என்றவுடன் வெயிலையே நினைப்பர். வெளிறிய தோலுக்குக் கடும் வெயில் பெரும்பகை. ஆதலின் ஆஸ்திரேலியாவில் 1981ஆம் ஆண்டிலேயே, சட்டை அணிக, களிம்பு பூசுக, தொப்பி இடுக என்று மக்களுக்கு அறிவுறுத்தத் தொடங்கினர். நம் தோலின் கருமை வெயிலினின்று நம்மை ஓரளவு காக்கின்றது, பழக்கத்தினின்று காப்பதில்லை. காசுமீரத்தார் குளிர் தாங்காது ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் 'காங்கிரி' என்னும் கனற்சட்டியால் வயிற்றிலும் தொடையிலும் புற்று உண்டாவதை, 1866இல் எல்ம்சுலி என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். வேட்டியை இறுக உடுத்தும் இடுப்பில் தோன்றும் புற்றைப் பற்றி 1945இல் கானோல்கர், சூரியபாய் என்னும் இருவர் எழுதினர். சேலை உடுத்திய முதிய பெண்டிர் இருவர்க்கு இடுப்பில் இவ்வாறே நேர்ந்ததை, 2024இல் மகாராட்டிரம், பீகார் மருத்துவர்கள் வெளியிட்டனர். அவருள் ஒருவர் எழுபது வயதினர். பதினெட்டுத் திங்களாக ஆறாத புண்ணோடு இருந்தவர்.

இது எவ்வாறு நிகழ்கின்றது? குழித்தறியில் நாள் முழுதும் அமர்வோர்க்கும், குனிந்து நாற்று நடுவோர்க்கும் இடுப்பு மடியும் இடத்தில் வியர்வை தேங்கும். அவ்விடத்தைக் கயிறு ஓயாது உராயும். தோல் முதலில் கறுக்கும். பின் தடித்துச் செதிலுதிரும். சிலர்க்கு நிறமிழந்து வெளுக்கும். பின்னர் வெடித்துப் புண்ணாகும். ஆறுமுன் மீண்டும் உராய்வதால் அப்புண் நிலைத்துவிடும். நெடுநாள் ஆறாத புண்ணிலேதான் புற்று முளைக்கின்றது.

கறுத்த தழும்பு நம் பெண்டிர் பலர்க்கும் உண்டு. அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இடர் யாதெனின், ஆடை மறைக்கும் இடமாதலின், நாணத்தால் புண்ணையும் ஒருவரும் வெளியே சொல்வதில்லை. ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணி இங்கேதான் பெரிது. இரத்த அழுத்தம் பார்க்கவோ, சர்க்கரை நோய்க்கு மருந்து பெறவோ வரும் மூதாட்டியிடம், "பாட்டி, நாடா கட்டும் இடத்தில் அரிப்போ புண்ணோ உண்டா?" என்று செவிலியர் தனியே வினவினால் போதும், சொல்லத் தயங்கியவரும் சொல்லிவிடுவார். "சேலை கட்டாதீர்" என்று கூறுதல் பயனற்றது. அதனை யாரும் கேளார். நாடாவைத் தளர முடிக. மெல்லிய கயிற்றை விடுத்து அகன்ற பட்டையைக் கொள்க. நாள்தோறும் சற்று மேலும் கீழுமாக இடம் மாற்றிக் கட்டுக. வீட்டில் இருக்கும்போது தளர்ந்த உடை உடுத்துக. இடுப்பைக் கழுவி ஈரம் போகத் துடைக்க. இவை செலவில்லாதவை; ஆகவே நடக்கக்கூடியவை. அடுத்த முறை வரும்போது, செய்தாரா என்று மறவாது கேட்டலும் வேண்டும். ஒருமுறை சொன்னதனால் நாற்பது ஆண்டுப் பழக்கம் மாறிவிடாது.

மூன்று நான்கு வாரம் கடந்தும் ஆறாத புண்ணுக்குக் களிம்பு தடவிக் காத்திராமல், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அங்கே சிறு துணுக்குத் தசையை எடுத்து நுண்ணோக்கியால் ஆராய்வர். தொடக்கத்தில் கண்டால், புண்ணையும் அதனைச் சூழ்ந்த சிறிது தோலையும் அறுத்து நீக்குவதோடு சிகிச்சை பெரும்பாலும் முடிந்துவிடும். கவட்டின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய பின் வந்தாலோ, அறுவையும் பெரிதாகும், பிழைப்பதும் அரிதாகும்.