கைப்பட்டி கேட்கும் துடிப்பு

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் முழுநிலவு இரவில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் வள்ளத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறுநுனியில் காதை வைப்பார்கள். அந்நேரம் ஓர் இயந்திரப் படகு கடந்தால் போச்சு.

24 மணிநேர இரத்த அழுத்தக் கருவியின் பாடும் இதுதான். இடுப்பில் சின்னப் பெட்டி, மேற்கையில் பட்டி. பகலில் 20 நிமிடத்துக்கொருமுறை, இரவில் அரை மணிக்கொருமுறை என்று காற்று ஏறும். அது இறங்கும்போது நாடித்துடிப்பு பட்டிக்குள் இருக்கும் காற்றை மெல்ல அசைக்கும். அசைவு உச்சம் தொடும் இடம் சராசரி அழுத்தம். 'பிரஷர்' என்று நாம் சொல்லும் மேல் எண்ணும் கீழ் எண்ணும் அந்த அசைவுகளிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பவை. ஆகவே மோட்டார் சைக்கிளின் அதிர்வும், வலை இழுக்கும் தசையின் இறுக்கமும் நாடியோடு கலந்துவிடும். இதயத்துடிப்பே ஒழுங்கற்றவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடும்.

குழம்பினால் கருவி சில நிமிடத்தில் மறுபடி அளக்கும். நடக்கவே முடியாத எண்களைத் தானே தள்ளிவிடும். சிக்கல், தப்பி வந்த ஒற்றை 190இல்தான். அதைக் கண்டவுடன் அழிக்கத் துடிப்பது எனக்கு உடன்பாடில்லை. நோயாளியின் குறிப்பில் அந்நேரம் 'பாலத்தில் சைக்கிள் மிதித்தேன்' என்றிருந்தால், கை ஆடியிருக்கலாம். அழுத்தம் உண்மையிலேயே ஏறியுமிருக்கலாம். கூடுதலாக இருப்பது மட்டும் பிழைக்குச் சாட்சியாகாது. 60 அளவீடுகளில் ஒன்று 60 கூடினாலும் சராசரி 1 தானே ஏறும்!

நான் அஞ்சுவது ஒழுங்காகத் தெரியும் பிழைக்கு. பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் எல்லா எண்ணும் சேர்ந்தே உயரும். தனித்து நிற்கும் ஒன்றும் இராது, எவரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். கட்டுமுன் கையின் சுற்றளவை அளப்பதுதான் மருந்து.

எடுத்த அளவீடுகளில் 70 சதவீதமாவது தேற வேண்டும். பகலில் 20, இரவில் 7 நல்ல அளவீடுகள் வேண்டும் என்கிறது ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கத்தின் வழிகாட்டி. குறைந்தால் திரும்பக் கட்டுவார்கள். தூக்கத்தில் அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்குகிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனையின் பெரும் பயன். தொந்தரவு என்று இரவில் பட்டியைக் கழற்றி வைத்தால் அது போய்விடும்.

பட்டி இறுகத் தொடங்கினால் பேசாதீர்கள். கையைத் தளர்த்தி அசையாமல் வையுங்கள். வண்டியில் போனால் ஓரங்கட்டுங்கள். கல்லடிப் புழுக்கத்தில் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: கழற்றும்வரை குளிக்க முடியாது.