வகுப்பறையில் ஒத்துணர்வு: அகப்பாடல் கற்பித்தலும் மாணவர் மனநலமும்

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் மனநலத்தைப் பேண வகுப்பறையில் ஒத்துணர்வைப் பயிற்றுவிக்க வேண்டும் என்னும் கருத்து கல்வியாளரிடையே வலுப்பெற்று வருகிறது. அதனைப் புதியதொரு பாடமாக்குவதைவிட, தமிழ்ப்பாடத்தில் முன்பே இடம்பெற்றுள்ள அகப்பாடல் மரபின்வழிப் பயிற்றுவித்தல் பொருத்தமானது என்பதையும், அதற்குப் பள்ளியில் அமைய வேண்டிய சூழல் எத்தகையது என்பதையும் காரைக்குடிப் பகுதியின் ஆசிரியர் கல்வியை மனத்திற்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒத்துணர்வு, மாணவர் மனநலம், கூற்று, முன்னம், எச்சம், ஆசிரியர் கல்வி

முன்னுரை

2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அம்மாணவருடன் பள்ளியில் பயின்றவர்கள். சக மாணவர்தம் தொல்லை தாளாமல் அவர் சில நாள் பள்ளிக்கு வாராதிருந்ததும், அது குறித்துப் பள்ளியில் முறையிட்டதும் தாக்குதலுக்கு முன் நிகழ்ந்தவை. இந்நிகழ்வை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அளிக்கப்பெற்ற அதன் அறிக்கை, கையில் வண்ணக்கயிறு கட்டுதலைத் தடைசெய்தல், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்குதல் ஆகியவற்றுடன் அறநெறி வகுப்புகளையும் பரிந்துரைத்தது.

கயிற்றை அவிழ்ப்பது ஆணையால் இயலும். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவன் இன்று ஏன் பேசவில்லை என்று எண்ணிப்பார்க்கும் பழக்கத்தை ஆணை தாராது. அப்பழக்கம் இல்லாத வகுப்பில் துன்புறுபவனின் மனநலமும் சிதைகிறது; துன்புறுத்துபவனின் மனநலமும் நல்ல நிலையில் இருப்பதாகக் கூற இயலாது. இப்பழக்கத்தைக் கற்பிக்க இயலுமா, இயலுமெனில் எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

இரக்கமும் ஒத்துணர்வும்

இரக்கம் பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கி நிகழ்வது. இரங்குபவர் தம் இடத்தை விட்டு அசைய வேண்டுவதில்லை. ஒத்துணர்வு பிறர் நின்ற இடத்திற்குச் சென்று அங்கிருந்து காண்பதாகும். திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரம், பிற உயிரின் நோயைத் தன் நோயாகக் கொள்ளாதவிடத்து அறிவினால் என்ன பயன் என வினவுவது ஈண்டு எண்ணத்தக்கது. அங்கு இக்கருத்து அன்போடு மட்டுமன்றி அறிவோடும் இணைக்கப்பெற்றுள்ளது. உளவியலாரும் ஒத்துணர்வில் இரு கூறுகளைக் காண்கின்றனர். ஒன்று, பிறர் உணர்ச்சி நம்மையும் பற்றிக்கொள்ளுதல். மற்றது, பிறர் நிலையை எண்ணி அறிதல். முன்னது மிகுந்தால் கேட்பவரே துவண்டுவிடுவர். பயிற்சியால் வளர்க்கத்தக்கதும், வகுப்பறைக்கு ஏற்றதும் பின்னதே.

கூற்று, முன்னம், எச்சம்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் செய்யுள் உறுப்புகள் முப்பத்து நான்கனுள் கூற்று, கேட்போர், முன்னம், எச்சம் என்பனவும் அடங்கும். பேசுபவர் யார் என்பது கூற்று. யாரிடம் பேசப்படுகிறது என்பது கேட்போர். இன்ன இடத்தில் இச்சொல்லை இன்னார் இன்னாரிடம் கூறுதல் பொருந்தும் என உணரவைப்பது முன்னம். சொல்லாமல் விடப்பட்டதைச் சொல்லாலோ குறிப்பாலோ நிறைவுசெய்துகொள்ள வேண்டியிருப்பது எச்சம். அகப்பாடலைப் படிப்பவர் இந்நான்கையும் கையாளாமல் பொருள் கொள்ள இயலாது. புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவியாகவோ தோழியாகவோ செவிலியாகவோ நின்றே பேசுகிறார். எனவே அகப்பாடல் வாசிப்பு என்பது பிறர் நிலையில் நின்று எண்ணும் பயிற்சியாகவே அமைந்துள்ளது எனலாம். நம் வகுப்புகளில் இவ்வுறுப்புகள் இரண்டு மதிப்பெண் வினாவிற்குரிய விடைகளாகச் சுருங்கிவிட்டமை வருந்தத்தக்கது.

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். தேவகுலத்தார் பாடிய இது, தலைவனோடு கொண்ட நட்பின் பெருமையைத் தலைவி கூறுவது. பாட்டினுள் அவள் குரல் மட்டுமே ஒலிக்கிறது. ஆயின் துறைக்குறிப்பு வேறு இருவரையும் காட்டுகிறது. தோழி தலைவனைப் பழித்திருக்கிறாள். தலைவன் வேலிப்புறத்தே மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். தோழி ஏன் பழித்தாள்? தலைவிமேல் கொண்ட அன்பினாலா, தலைவன் வரைவு நீட்டித்தலைக் கண்ட அச்சத்தாலா, அவன் காதில் விழட்டும் என்றா? தலைவி அவனுக்காகப் பரிந்து பேசுகையில் தோழியின் மனம் என்ன ஆயிற்று? மறைந்து நிற்பவனுக்கு எது உறுத்தியிருக்கும், பழியா, புகழா? துறைக்குறிப்பை மறைத்துவிட்டு முதலில் பாட்டை மட்டும் தந்து, யார், யாரிடம், ஏன் என மாணவரை ஊகிக்கச் செய்யலாம். பின்னர்க் குறிப்பைக் காட்டி, தோழி கூற்றாகப் பத்து வரி எழுதச் செய்யலாம். ஒரே நிகழ்வு மூவர் இடத்திலிருந்து மூவகையாகத் தோன்றுவதை ஒரு பாடவேளைக்குள் மாணவர் உணர இது போதும். ஒருவர் பழித்துப் பேசுவதனாலேயே பகைவர் ஆகிவிடுவதில்லை என்பதை விடலைப் பருவத்தினர் தாமாகவே கண்டுகொள்வதற்கு இதனினும் எளிய வழி இருப்பதாகத் தெரியவில்லை.

பெயர் சுட்டாமை

அன்பின் ஐந்திணையில் எவர் பெயரையும் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது அகத்திணையியல் விதி. இலக்கணக் கட்டுப்பாடாக மட்டுமே நாம் கற்பிக்கும் இவ்விதி வகுப்பறைக்கு ஒரு காப்பாக அமைவதை இங்கு வலியுறுத்த வேண்டியுள்ளது. ஒத்துணர்வுப் பயிற்சி என்ற பெயரில் மாணவரை எழுப்பி, உன் துன்பத்தைச் சொல் எனக் கேட்கும் முறை சில இடங்களில் உண்டு. இது தீங்கு பயப்பது. இழிவுக்கு ஆளானவர் பிறர் ஒத்துணர்வு பெறும்பொருட்டுத் தம் இழிவை மீண்டும் அவைமுன் வைக்க வேண்டும் என்றால், பாடம் பிறருக்கும் சுமை அவருக்குமாக முடிகிறது. சொன்னதை மறுநாள் கேலிக்குப் பயன்படுத்தமாட்டார்கள் என்பதற்கும் உறுதியில்லை. பெயரில்லாத தலைவியின் வாயிலாகப் பேசும் மாணவிக்கோ, அச்சொற்கள் தன்னுடையவை என ஒப்புக்கொள்ள வேண்டிய தேவையில்லை. வேண்டிய அளவு சொல்லலாம். வேண்டாதபோது இது தலைவி கூற்று என ஒதுங்கிக்கொள்ளலாம்.

மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் நிலைக்களன்களும் ஆசிரியருக்கு உதவுவன. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் அந்நான்கும் பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலை கெடுதல், பொருளின்மை எனப் பொருள்படும். மதிப்பெண் குறைந்ததால் அழுகிறான் என நாம் கருதும் மாணவனிடம் நான்கனுள் எது நிகழ்ந்தது எனக் கேட்டுப்பார்த்தால் விடை பலவேளை மாறிவிடும்.

ஆசிரியரின் இடம்

இத்தகைய முயற்சிகள் எல்லாவிடத்தும் வென்றுவிடவில்லை. டெல்லி அரசு 2018 ஜூலையில் தன் பள்ளிகளில் மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தேர்வில்லாத பாடவேளையாக அது அமைந்தது. தேர்வின்மை அதன் சிறப்பு. எனினும் தேர்வை மையமாகக் கொண்ட உயர்வகுப்புகளில்தான் மன அழுத்தம் மிகுகிறது என்பதை மறத்தற்கில்லை.

பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் நிகழ்ந்த செஹர் ஆய்வு கூர்ந்து நோக்கத்தக்கது. 2018இல் லான்செட் இதழில் வெளியான அதன் முடிவின்படி, பயிற்சி பெற்ற ஆலோசகர் பள்ளியில் பணியாற்றிய இடங்களில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மாணவரின் மனச்சோர்வும் ஒருவரையொருவர் துன்புறுத்துதலும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியரே கூடுதல் பணியாக நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. இதற்கு மாறாக, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒக்கோனோஃபுவா முதலியோர் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், 31 கணித ஆசிரியர்களுக்கு மாணவரைத் தண்டிக்கும் முன் அவர் நிலையை எண்ணிப்பார்க்கும் சிறுபயிற்சி இணையவழி தரப்பெற்றது. பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர் விழுக்காடு 9.6இலிருந்து 4.8ஆகப் பாதியாயிற்று.

இரண்டும் முரண்படுவனபோல் தோன்றினும், ஆசிரியர்மேல் புதிய பணியை ஏற்றுதல் வேறு, அவர் செய்துவரும் பணியை அவர் காணும் முறை மாறுதல் வேறு எனக் கொண்டால் முரண் நீங்கும். அகப்பாடலைப் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம். தமிழாசிரியர் எவ்வாறாயினும் அதனை நடத்தியே ஆக வேண்டும்.

காரைக்குடியில்

வள்ளல் அழகப்பர் 1947இல் கலைக்கல்லூரியையும் 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் நிறுவிய நகரம் இது. பின்னது, 1985இல் தோன்றிய அழகப்பா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. இங்கு ஆசிரியராகப் பயில்வோர் கற்பித்தல் பயிற்சிக்காகச் செல்லும் சுற்றுவட்டாரப் பள்ளிகளில், தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பணியாற்ற அப்பத்தாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளைக் காணலாம். பொருள்வயிற் பிரிவு இவர்களுக்குப் பாடநூற் செய்தியன்று. ஆயினும் பயிற்சி ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டில் பாலைத்திணைக்கு எதிரே முதற்பொருள், கருப்பொருள் அட்டவணையே பெரும்பாலும் இடம்பெறுகிறது. பிரிந்து சென்றவன் கூற்றாகவும், வீட்டில் காத்திருப்பவர் கூற்றாகவும் எழுதும் பயிற்சி ஒன்றை அக்குறிப்பேட்டில் கட்டாயமாக்குவது கல்வியியல் கல்லூரிகளின் அதிகாரத்திற்குள்ளேயே அடங்கும்.

சில வரையறைகள் வேண்டும். இது சிகிச்சையன்று. தொடர்ந்து உறங்காத, உண்ணாத, சாவைப் பற்றிப் பேசும் மாணவரைப் பாட்டெழுதச் சொல்லிக் காலம் கடத்துதல் கூடாது. பெற்றோருக்கும் மருத்துவருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். 14416 என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண்ணை வகுப்புச் சுவரில் எழுதிவைத்தலும் நன்று. மாணவர் எழுதிய கூற்றுகளுக்கு மதிப்பெண் இடுதலும், ஆசிரியர் அறையில் அவற்றைக் கைமாற்றிப் படித்தலும் தவிர்க்கப்பட வேண்டும். பாடவேளை முடிந்ததும் தாள்கள் எழுதியவரிடமே திரும்பிச் சேர்தல் நலம்.