கடை நோட்டுக்குள் இருக்கும் விற்பனை

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் உரக்கடை, தையல் கடை, ஜவுளிக்கடை என எதில் நுழைந்தாலும் மேசைமேல் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். பாக்கி தீர்ந்ததும் அந்த வரியை அடித்துவிடுவார்கள். அந்த வாடிக்கையாளர் எப்போது வந்தார், என்ன வாங்கினார் என்ற தகவலும் கடனோடு சேர்ந்து போய்விடும். விளம்பரத்துக்குச் செலவழிக்கும் முன் சிறு வியாபாரி காப்பாற்ற வேண்டியது இந்தத் தகவலைத்தான்.

தகவலை அடுக்கி வைப்பது இந்த ஊருக்குப் பழக்கமான வேலை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரைக் குடும்பு எனும் 30 பகுதிகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளோர் பெயர்களைக் குடும்புவாரியாக ஓலையில் எழுதிக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் அடையாளம் காட்டும் வாயோலை பூட்டிக் குடத்தில் இட்டார்கள். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. பிரிப்பது, பெயரிடுவது, விதிப்படி வடிகட்டுவது ஆகிய மூன்றையுமே இன்றைய தரவுத்தளமும் செய்கிறது.

1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், தரவை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான ஒரு மதிப்பால் இணைக்கலாம் என்று காட்டினார். கடைக்கு அந்த மதிப்பு செல்பேசி எண். ஒரே ஊரில் பல முருகன்கள் இருப்பார்கள், எண் வேறுபடும். வீட்டுக்கே ஒரு போன்தான் என்றால் அந்த வீட்டையே ஒரு வாடிக்கையாளராகக் கொள்ளலாம். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இரண்டு தாள் போதும். ஒன்றில் எண், பெயர், ஊர். மற்றதில் எண், தேதி, பொருள், தொகை.

பிறகு பட்டியலிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது வந்தார்? எத்தனை முறை வந்தார்? மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார்? அடிக்கடி வந்து திடீரென்று நின்றுபோனவரே முதலில் விசாரிக்க வேண்டியவர். உரக்கடைக்காரர் நடவு தேதியையும் குறித்து வைத்தால், மேலுரம் இடும் நாளுக்கு முன்பே நினைவூட்டலாம்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வாடிக்கையாளர்களை லேபிள் இட்டுப் பிரிக்கலாம், பொருள்களைப் படத்தோடு அடுக்கலாம். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கே போய்ச் சேரும். ஆகவே பில் போடும்போதே நம்பரைச் சேமிக்கச் சொல்லுங்கள். கூகுள் வரைபடத்தில் கடையின் இடம், நேரம், படம் சேர்ப்பதற்குக் காசு இல்லை. எந்த வாசகம் எடுபடுகிறது என்று அறிய, பட்டியலைக் குலுக்கிப் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு வேறொன்று அனுப்பி, கடைக்கு வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். அனுமானத்தை விட்டு அறிவியலுக்கு வரும் இடம் இதுதான்.

எண்ணைக் கேட்கும்போது எதற்கென்று சொல்லிச் சம்மதம் பெறுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் இடம்பெற்றுள்ளது. வேண்டாம் என்றவரை அன்றே நீக்குங்கள். பட்டியலை எவருக்கும் விற்காதீர்கள். நம்பிக் கொடுத்த எண்ணுக்கு, தேவைப்படும் நாளில் தேவையான செய்தி மட்டும் போனால், அந்த வாடிக்கையாளர் அடுத்த முறையும் உங்கள் கடையைத் தேடி வருவார்.