தளத்துக்குள் ஓடும் குளிர்

ஹைதராபாத்தை ஒட்டிய போச்சாரத்தில், இன்ஃபோசிஸ் வளாகக் கட்டடம் ஒன்று 2011 முதல் இரண்டு பாதிகளாக இயங்குகிறது. பரப்பு, ஜன்னல், வெயில் மறைப்பு எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு பாதியைக் குளிர்விப்பது வழக்கமான, ஆனால் நன்றாக வடிவமைத்த மைய ஏ.சி. மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள் புதைத்த பிளாஸ்டிக் குழாய்களில் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. அளந்து பார்த்தபோது, குளிரூட்டலுக்கு இரண்டாவது பாதி செலவழித்த மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மட்டமான ஏ.சி.யோடு ஒப்பிட்டுக் காட்டிய கணக்கல்ல இது என்பதால்தான் இதை நம்புகிறேன். நம் ஊரின் பெரிய கட்டடங்கள் இந்த வழிக்கு மாற வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

மிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒரே கன அளவில், காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைச் சுமக்கும். அதனால், பெரிய விசிறிகள் நாள் முழுக்கச் செய்யும் வேலையைச் சிறிய பம்ப் முடித்துவிடுகிறது. வழக்கமான ஏ.சி.க்குச் சில்லர் என்னும் குளிர்விப்பு இயந்திரம் தண்ணீரை 7 டிகிரி வரை இறக்க வேண்டும். இங்கே 15 டிகிரிக்கு மேல் இருந்தாலே போதும், சில்லரின் சுமை குறைகிறது. தலைக்கு மேலே தளம் குளிர்ந்திருந்தால் உடம்பின் வெப்பம் நேராக அதை நோக்கிப் போய்விடும். அறைக் காற்று ஓரிரு டிகிரி கூடுதலாக இருந்தாலும் புழுக்கம் தெரியாது.

சென்னைக்கு இது ஒத்துவருமா என்று கேட்பது நியாயம். நம் கடற்கரைக் காற்றில் 20 டிகிரித் தளம் வியர்த்துச் சொட்டத்தான் செய்யும். எனவே உள்ளே விடும் காற்றைத் தனிக் கருவியால் உலர்த்த வேண்டும், ஜன்னல்களை மூடி வைக்க வேண்டும். 2006-ல் திறந்த பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரையைத் தண்ணீரால் குளிர்விக்கிறார்கள். பாங்காக்கின் புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததல்ல. ஜன்னலைத் திறந்துவைத்து வாழும் வீடுகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குப் பரிந்துரைக்கவும் மாட்டேன். குளிரூட்டும் திறனுக்கும் வரம்பு உண்டு. நாலாபுறமும் கண்ணாடி போர்த்தி வெயிலை உள்ளே அழைக்கும் கட்டடத்தை இதை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. முதலில் வெயிலை மறை, பிறகு குளிர்வி என்ற ஒழுங்குக்கு இது கட்டடக் கலைஞரைக் கட்டாயப்படுத்துகிறது.

செலவும் தடையல்ல, போச்சாரத்தில் இரு பாதிகளுக்கும் ஆன தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். தடை வேறு இடத்தில் இருக்கிறது. குழாய் பதிப்பதைக் கான்கிரீட் கொட்டும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஆனால் வரைபடம் முடிந்து, கம்பி கட்டிய பிறகுதான் ஏ.சி. பொறியாளரைக் கூப்பிடுவது இங்கே வழக்கம். கட்டி விற்பவருக்கோ, பிறகு வரும் கரன்ட் பில் தன் கவலையே இல்லை. அரசு மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் கட்டுவதும் பில் செலுத்துவதும் அரசுதான். பொதுப்பணித் துறையின் அடுத்த டெண்டரிலேயே இந்த முறையையும் ஒரு தேர்வாகக் கேட்கலாம்.