செல்லாக் காசில் படித்த ஸ்பானிஷ்

மெஷின் டிராயிங் ஷீட்டையே முடிக்காதவனுக்கு ஸ்பானிஷ் ஒரு கேடா என்று என் ரூம்மேட் கேட்டான். கேட்கட்டும்.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த பாடப் புத்தகம் அது. முதலில் பணச் சொற்களைத்தான் பிடித்தேன். எந்த ஊருக்குப் போனாலும் சாப்பிட்டால் காசு கொடுக்கணுமே! பணம் 'தினேரோ', நாணயம் 'மொனேதா', நோட்டு 'பியேத்தே' (டிக்கெட்டுக்கும் இதே சொல்தான்). ஆங்கிலக்காரர் மாதிரி 'ட' போடாதீர்கள். நம்ம 'த'வே போதும், நாக்கு பல்லில் படணும்.

இதுவரை சரி. ஆனால் புத்தகத்தில் காபி முதல் ரயில் டிக்கெட் வரை எல்லா விலையும் 'பெசேத்தா'வில். ஐந்து பெசேத்தா நாணயத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'தூரோ'. நூறு பெசேத்தாவை 'இருபது தூரோ' என்பார்களாம், நாம் ஐம்பது பைசாவை எட்டணா என்கிற மாதிரி. இரண்டு வாரம் இந்தக் கணக்கைப் போட்டுப் பழகின பிறகுதான் தெரிந்தது, ஸ்பெயின் 2002-லேயே யூரோவுக்கு மாறிவிட்டது! பழைய பெசேத்தாவை மாற்றிக்கொள்ளும் கெடுகூட 2021 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. போச்சுடா, இரண்டு வாரம் வீண்!

அந்த எரிச்சலில்தான் சொற்களுக்குள் போய்ப் பார்த்தேன். மெக்ஸிகோ, அர்ஜென்டினா, கொலம்பியா எல்லாவற்றிலும் இன்றைய பணம் 'பேசோ'. அதன் அர்த்தம் எடை! அந்தக் காலத்து எட்டு 'ரேயால்' வெள்ளி நாணயத்துக்கு அந்தப் பெயர். சுமார் 27 கிராம் இருக்கும். 1545-இல் பொத்தோசி மலையில் (இன்றைய பொலிவியா) வெள்ளி கிடைத்த பின், அந்த நாணயம் உலகமெல்லாம் ஓடியது. லத்தீன் அமெரிக்காவில் பணத்துக்குப் பேச்சு வழக்கில் 'பிளாத்தா' என்கிறார்கள். வெள்ளி என்று அர்த்தம். நம்ம தூரோ? அதற்கு 'கெட்டியானது' என்று பொருள், 'பேசோ தூரோ' சுருங்கி வந்தது. மெட்டலர்ஜி வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இல்லை?

இதைவிட வேடிக்கை, நாணயம் செத்தும் சொல் சாகவில்லை. 'நோ தெங்கோ உன் தூரோ' என்று ஸ்பெயினில் இன்றும் சொல்கிறார்கள். 'என்கிட்ட ஒரு தூரோகூட இல்லை' என்பது நேர் அர்த்தம். நம்ம பாஷையில் 'சல்லிக்காசு இல்லை'. சல்லியை நம்மில் யார் பார்த்தோம்?

மாசக் கடைசியில் ரூம்மேட் மெஸ் பில்லுக்குக் கடன் கேட்டு வந்தான். இந்த வாக்கியத்தைச் சொன்னேன். முழித்தான். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினேன். புரிந்துவிட்டது.