ஊதிப் பார்க்கலாகாத ஒலிவாங்கி

ஒலிவாங்கியின் முன் வந்து நிற்கும் நம்மவர் முதலிற் செய்வது அதனை ஊதிப் பார்ப்பது. அடுத்து விரலால் இரண்டு தட்டுத் தட்டுவர். கோயில் திருவிழாவாயினும் பாடசாலைப் பரிசளிப்பு விழாவாயினும் இவ்வழக்கம் மாறியதை நான் கண்டதில்லை. மேடையிலுள்ள சாதாரண ஒலிவாங்கி இவ்விரண்டையும் பொறுத்துக்கொள்ளும். கொழும்பில் நான் பணிபுரியும் ஒலிப்பதிவுக் கூடத்திலே, துணிப்பை போர்த்து நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும் வால்வு பொருத்திய நாடா ஒலிவாங்கியோ பொறுக்காது. இதனை நன்கறிந்திருந்தும் ஒருநாள் வாய்திறந்து சொல்லத் தவறினேன்.

அதன் உள்ளே வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் ஓர் அலுமினிய நாடா தொங்குகின்றது. அதன் தடிப்பு ஏறத்தாழ 2 மைக்ரோன். நமது தலைமயிர் அதனிலும் 25 மடங்கேனும் தடித்தது. குறுக்கே நுண்ணிய மடிப்புகள் இடப்பட்ட அந்நாடா, ஒலியினால் எழும் காற்றசைவுக்கேற்பத் தானும் அசைய, அதில் மின் பிறக்கின்றது. ஜேர்மனியில் ஷொட்கி, கெர்லாக் என்னும் இருவர் 1920களில் இத்தத்துவத்தை வகுத்தனர். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்திலே ஹரி ஒல்சன் 1930களில் இதனை வானொலிக்கு உகந்த கருவியாக்கினார். 1934இல் பி.பி.சி.யும் மார்க்கோனி நிறுவனமும் தமக்கென ஒன்றைச் செய்துகொண்டன. அதன்பின் எத்தனையோ புதுவகைகள் வந்தும், முதிர்ந்த குரலின் கரகரப்பை இதமாக ஏற்பதில் நாடாவுக்கு நிகரான ஒன்றை என் செவி இன்னும் கேட்கவில்லை.

நாடா தரும் மின் மிகச் சொற்பம். முன்னாளில் அதனைப் பெருக்கும் வால்வுகள் வெளியே வேறு பெட்டிகளில் இருந்தன. எங்கள் கருவியிலோ வால்வு ஒலிவாங்கியின் உடலுக்குள்ளேயே அமைந்திருக்கின்றது. இதனால் ஒரு நன்மை உண்டு. கட்டுப்பாட்டு மேசையிலிருந்து வேறு ஒலிவாங்கிகளுக்கு அனுப்பப்படும் 48 வோல்ற் மின், கேபிள் பழுதானவிடத்துச் சாதாரண நாடாவைத் தாக்கிச் சிதைத்துவிடக்கூடும். வால்வு உடையதில் அந்த மின் நாடாவை அணுகுவதில்லை. அதற்கு ஈடாக, இதற்கென உள்ள தனி மின்பெட்டியைப் பேணவேண்டும். கேபிளை இருபுறமும் பூட்டிய பின்னரே ஆளியைப் போடவேண்டும். ஆளியை அணைத்துச் சற்றுப் பொறுத்த பின்னரே கழற்றவேண்டும். அணைத்த பின்னும் பெட்டியினுள் உயர்ந்த மின்னழுத்தம் தங்கி நிற்குமாதலால் அதனைத் திறந்து பார்க்கும் ஆவல் உயிருக்கே உலை வைக்கக்கூடும். வால்வு சூடேறி நிலைகொள்ள 20 நிமிடமாவது விடுவது என் வழக்கம். பாடகர் தேநீர் அருந்தும் நேரம் அதற்குச் சரியாயிருக்கும். வெடிவெடிப்பதுபோல ஓசை கேட்டால் பெரும்பாலும் வால்வின் குற்றம். மின்னை அணைத்து, ஆறவிட்டு மாற்றலாம்.

நாடாவின் குற்றம் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. நெடுநாள் படுக்கவைத்தால் அது தொய்ந்துபோகும். காந்தம் இரும்புத்தூளை இழுத்துக்கொள்ளும். ஆகவே அதனருகே எவரும் ஆணி அராவக்கூடாது. கடற்காற்றின் உப்பும் அலுமினியத்துக்கு ஆகாது. எல்லாவற்றிலும் கொடிய பகை காற்றே. மத்தள ஓசையை எட்ட நின்று கேட்கும் நாடா, மத்தளத்தின் வாயருகே எழும் காற்று வீச்சைத் தாங்காது. அடைத்த அறையின் கதவை ஓங்கிச் சாத்தினாலும் ஆபத்துத்தான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும்போது பையைப் போர்த்தே மெல்ல நடக்கவேண்டும்.

சென்ற ஆண்டு மட்டக்களப்பிலிருந்து எண்பது வயது கடந்த அண்ணாவியார் ஒருவர் வடமோடிக் கூத்துப் பாடல்களைப் பதிவு செய்ய வந்தார். ஏட்டில் ஏறாத தருக்கள் பல அவர் நினைவில் இருந்தன. இவ்வொலிவாங்கி முன்னும் பின்னும் கேட்கும், பக்கங்களிற் கேளாது. ஆதலால் அவரை முன்புறம் அமர்த்தி, மத்தளக்காரரைப் பின்புறம் எட்ட இருத்தினேன். வால்வும் சூடேறிவிட்டது. பையைக் கழற்றிவிட்டு, காற்றுத் தடுக்கும் வலைச்சட்டத்தை எடுத்துவரத் திரும்பினேன். அவ்வளவே. முதியவர் முன்னே சாய்ந்து, ஐம்பது ஆண்டு மேடைப் பழக்கத்தில், "பூ" என்று ஒரே ஊது ஊதினார்.

காதணியில் ஒரு கனத்த அடி கேட்டது. பின்னர் குரல் மங்கி, அடித்தொனியில் ஒரு படபடப்பு எழுந்தது. நாடா தொய்ந்து காந்தத்தில் உரசுகின்றது என்பது எனக்கு விளங்கிற்று.

"தம்பி, நான் ஊதினதாலயா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, அது பழைய கருவி; அடிக்கடி இப்படித்தான்" என்றேன். அவர் அதனை நம்பினாரோ அறியேன். பாடும்போது ஒலிவாங்கியினின்று அஞ்சி விலகியே இருந்தார். வேறோர் ஒலிவாங்கியில் பதிவை முடித்தோம். சொற்கள் தெளிவாகவே உள்ளன. ஆனால் குரல் மெலிந்து, உலோகம் உராய்வதுபோல ஒலிக்கின்றது. பாடல்களைத் தொகுப்போருக்கு அது போதுமாயிருக்கலாம். நேரிற் கேட்ட எனக்குப் போதவில்லை.

கருவி கடல் கடந்து சென்று, புதிய நாடாவுடன் ஐந்து மாதம் கழித்து மீண்டது. வலைச்சட்டம் இப்போது ஒலிவாங்கியோடு சேர்த்தே பூட்டப்பட்டிருக்கின்றது. அதன் பின்னரே பை கழற்றப்படும். வருவோர் எவராயினும் ஊதவேண்டாமென்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் முகஞ்சுளிக்கின்றனர். அண்ணாவியாருக்கு நடந்த உண்மையை எழுதி, மீண்டும் ஒருமுறை வருமாறு கேட்டிருந்தேன். இருமல் தணிந்ததும் அழைத்து வருவதாக அவர் மகன் தொலைபேசியிற் சொன்னார். ஊதமாட்டேன் என்று தகப்பனார் சொல்லச் சொன்னாராம்.