தானுந்துப் பொறி மிகைச்சூடாதல்

தானுந்துப் பொறி மிகைச்சூடாதல் என்பது, உள் எரி பொறியின் வெப்பநிலை அதன் இயல்பான செயற்பாட்டு எல்லையைத் தாண்டி உயர்வதாகும். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இயக்க ஆற்றலாக மாறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெளியேறும் புகையுடனும் குளிர்விப்பு அமைப்பின் வழியாகவும் வெப்பமாகக் கழிகிறது. இவ்வாறு கழிய வேண்டிய வெப்பம் தேங்கும்போது பொறி மிகையாகச் சூடாகிறது.

குளிர்விப்பு அமைப்பு

பெரும்பாலான தானுந்துகளில் நீரும் எத்திலீன் கிளைக்காலும் கலந்த கூலண்ட் என்னும் திரவம், நீரேற்றியால் பொறியினுள் சுற்றிவரச் செய்யப்படுகிறது. அது பெறும் வெப்பத்தை ரேடியேட்டர் காற்றுக்குக் கடத்துகிறது. வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த, 1901 ஆம் ஆண்டில் அறிமுகமான மெர்சிடிஸ் தானுந்தின் தேன்கூட்டு ரேடியேட்டர், இத்துறையில் முக்கியமான முன்னேற்றமாகும்.

பொறி குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் என்னும் வால்வு, திரவம் ரேடியேட்டருக்குச் செல்வதைத் தடுக்கிறது. பல பொறிகளில் இது 80 முதல் 90 பாகை செல்சியசு அளவில் திறக்கத் தொடங்கும். ரேடியேட்டர் மூடி அமைப்பினுள் அழுத்தத்தைக் காக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைவிட 1 பார் மிகுந்தால் தூய நீரின் கொதிநிலை 100 இலிருந்து ஏறக்குறைய 120 பாகையாக உயரும். எனவே மூடி பழுதானாலும் திரவம் முன்னதாகவே கொதிக்கக்கூடும்.

மலையேற்றம்

ஆந்திர எல்லைக்கு அருகில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முருகன் கோயில் அமைந்த குன்றின்மீது 365 படிகள் வழியாக நடந்தும், மலைச்சாலை வழியாக வாகனத்திலும் செல்லலாம். கோடையில் இவ்வூரின் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டுவதுண்டு. நெரிசலான நாளில் நிறைந்த வண்டி முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது பொறியின் சுமை கூடுகிறது. வேகத்தால் கிடைக்கும் காற்றோட்டம் குறைகிறது. வரும் காற்றும் சூடாக உள்ளது. குளிரூட்டியின் வெப்பமும் ரேடியேட்டருக்கு முன்னாலேயே அக்காற்றில் கலக்கிறது. சமவெளியில் வெளிப்படாத சிறு குறையும் இங்கே வெளிப்படும்.

காரணம் கண்டறிதல்

முதலில், பொறி முழுதும் ஆறிய பின் திரவத்தின் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் குழாய்கள், இணைப்புகள், நீரேற்றி ஆகியவற்றில் கசிவு உள்ளதா என ஆராய வேண்டும். அளவு சரியாக இருப்பின், எப்போது சூடாகிறது என்பதே அடுத்த குறிப்பாகும்.

* நிற்கும்போதும் மெதுவாகச் செல்லும்போதும் மட்டும் சூடானால், விசிறி, அதன் மின்உருகி, ரிலே அல்லது உணரி பழுதாகியிருக்கலாம். பல தானுந்துகளில் குளிரூட்டியை இயக்கியவுடன் விசிறி சுழல வேண்டும்.
* விரைந்து செல்லும்போது சூடானால், ரேடியேட்டரின் உட்புறம் கடினநீர்ப் படிவாலோ வெளிப்புறம் தூசியாலோ அடைபட்டிருக்கலாம்.
* வெப்பமானி உயர்ந்தும் ரேடியேட்டருக்குச் செல்லும் குழாய் சூடாகாவிட்டால், தெர்மோஸ்டாட் திறக்காமலிருக்கலாம். நீரேற்றி பழுதானாலும் காற்று அடைத்தாலும் இவ்வாறு நேரும்.
* வெளிக்கசிவின்றித் திரவம் குறைதல், இனிய மணமுடைய வெண்புகை, பால்போல் மாறிய எண்ணெய், திரவத்தில் தொடர்ந்து குமிழிகள் ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதைச் சுட்டும்.

திரவம் வெகுவாக வற்றினால் உணரி அதில் மூழ்கியிராது. அப்போது வெப்பமானி குறைவாகவே காட்டக்கூடும். ஆதலால் முள் இறங்குவதை மட்டும் கொண்டு ஆபத்து நீங்கியதாகக் கொள்ளலாகாது.

உடனடி நடவடிக்கை

முள் உயரும்போது குளிரூட்டியை நிறுத்தி, சூடாக்கி இருப்பின் அதை முழு அளவில் இயக்கினால் வெப்பத்தின் ஒரு பகுதி வெளியேறும். ஆவி வந்தாலோ முள் சிவப்புப் பகுதியைத் தொட்டாலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பொறியை அணைக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. அழுத்தம் திடீரெனக் குறைவதால் உள்ளிருக்கும் திரவம் கொதித்துப் பீறிட்டுக் கடுமையான தீப்புண்ணை உண்டாக்கும். சூடான பொறியில் குளிர்நீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம்.

விளைவுகள்

சூடான நிலையிலேயே தொடர்ந்து ஓட்டினால் அலுமினியச் சிலிண்டர் தலை வளையும். உந்துதண்டுகள் உருளைகளில் இறுகிப் பொறி நின்றுவிடவும் கூடும். தொடக்கத்தில் ஒரு குழாயையோ தெர்மோஸ்டாட்டையோ மாற்றுவதால் தீரக்கூடிய பழுது, இவ்வாறு பொறியையே பிரித்துச் சீர்செய்ய வேண்டிய நிலைக்கு இட்டுச்செல்கிறது.